ஆகாசமு என்றொரு காளை

பிரேசிலில் மாடு வளர்க்கும் ஒருவரிடம் அவருடைய பொலிகாளையின் வம்சத்தை விசாரித்தால், முதல் நாலைந்து தலைமுறை போர்த்துகீசியப் பெயர்களாக வரும். அதற்கு மேலே ஏறினால் தெலுங்கு. கோதாவரி, சேகூருபாடு, ஆகாசமு, கர்வாடி. சினை ஊசிக்கு விந்து விற்கிறவர்களின் பட்டியல்களில் இந்தப் பெயர்கள்தான் நல்ல பரம்பரைக்கு அத்தாட்சி. ஆகாசமு என்றால் ஆகாயம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கர்வாடி என்பது கரவாடி. சென்னையிலிருந்து விஜயவாடா போகும் ரயிலில் ஒங்கோலைத் தாண்டியதும் வரும் சின்ன நிலையம். பெரும்பாலான வண்டிகள் அங்கே நிற்பதில்லை. அந்த ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு 1962-இல் கடல் கடந்த ஒரு காளை, தென்னமெரிக்க மாட்டு மந்தையின் மூலபுருஷர்களில் ஒன்றாகிவிட்டது.

ஒங்கோல் மாட்டுக்குப் பிரேசிலில் 'நெலோரே' என்று பெயர். நம்முடைய நெல்லூர்தான். ஒங்கோல் வட்டாரம் 1904 வரை சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது; அதனால் மாவட்டத்தின் பெயரே மாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்குப் பிரேசிலில் இருபது கோடிக்கு மேல் மாடுகள். அந்த நாட்டின் மக்கள்தொகையை விட அதிகம். அவற்றில் ஐந்தில் நான்கு நெலோரே, அல்லது நெலோரே ரத்தம் கலந்தவை என்று சொல்கிறார்கள். உலகத்திலேயே மிக அதிகமாக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடும் அதுதான். ஏர் இழுக்கவும் வண்டி இழுக்கவும் குண்டூர்க் கரிசலில் உருவான ஒரு மாடு, உலகத்தின் மிகப்பெரிய கறி மந்தையாக மாறியிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கறி கொஞ்சம் கடினம். 'ஸ்டேக்' தின்கிறவர்களின் அளவுகோலில் நெலோரே, ஆங்கஸுக்கும் ஜப்பானிய வாக்யுவுக்கும் கீழே நிற்கிறது. ஏன் என்று தேடிப் போனால் அது கறிக்கடையில் முடிவதில்லை. மாட்டின் தசைக்குள் இருக்கும் ஒரு புரதத்திலிருந்து, அந்த மாட்டிடம் மனிதர்கள் என்ன வேலை வாங்கினார்கள் என்பது வரை இழுத்துக்கொண்டு போகிறது.

முதலில் மாட்டைப் பார்த்துவிடலாம். குண்டலகம்மா ஆற்றுக்கும் அல்லூரு ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலம்தான் ஒங்கோல் மாட்டின் தாய்மண். ஒங்கோல், கந்துகூர், அதை ஒட்டிய வினுகொண்டா, நரசராவ்பேட்டை. கரிசல் மண்; மழை பெய்தால் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த மண்ணில் ஆழ உழுவதற்கு வேகமான மாடு உதவாது, பலமான மாடு வேண்டும். காங்கயமும் ஹள்ளிக்காரும் ஓடுகிற சாதி. வண்டியில் பூட்டினால் குதிரைக்குச் சவால் விடும். ஒங்கோல் நடக்கிற சாதி. நீண்ட உடல், தூண் மாதிரி கால்கள், குட்டையான தடித்த கொம்பு, பால்வெள்ளை ரோமம், கண்ணைச் சுற்றி மை தீட்டியது போன்ற கருப்பு. காளைகளுக்குத் தலையிலும் கழுத்திலும் திமிலிலும் சாம்பல் படரும். தாடையிலிருந்து மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அலைதாடி நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆடும்.

இந்த உருவம் தானாக வந்ததில்லை. ஊரில் வசதியான ஒருவர் இறந்துவிட்டால் அவர் நினைவாக ஒரு காளைக்கன்றைச் சாமிக்கு நேர்ந்துவிடும் வழக்கம் அந்த வட்டாரத்தில் இருந்தது. எந்தக் கன்று என்பதை வீட்டார் மட்டும் முடிவு செய்வதில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, தாயைப் பார்த்து, கன்றின் முதுகையும் காலையும் குளம்பையும் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். தேறிய கன்றுக்குச் சூடு போட்டு அடையாளமிட்டு விட்டுவிட்டால், அதன்பிறகு அது யாருடைய தோட்டத்திலும் மேயலாம், விரட்டமாட்டார்கள். நம்மூர்க் கோயில் காளையும் இதற்குப் பங்காளிதான். மரபணு என்ற சொல் பிறப்பதற்கு முன்பே நடந்த இனத்தேர்வு இது. ஊரின் மிகச் சிறந்த கன்றுக்கு ஊரிலுள்ள பசுக்கள் அனைத்தும், மற்ற காளைகளுக்குக் காயடிப்பும் நுகத்தடியும். பல தலைமுறைக்கு இதை விடாமல் செய்தால் இனம் தெளிந்து நிற்காமல் என்ன செய்யும்?

தேர்வின் அளவுகோல் இழுவை, உடல்வாகு, சாந்தம், கன்று குடித்தது போக வீட்டுக்கும் கொஞ்சம் பால். இதில் கறி எங்கேயும் இல்லை. அதைக் குறித்து வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

பிரேசிலுக்கு முதல் ஜோடி போய்ச் சேர்ந்தது தற்செயலாக. 1868-இல் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கப்பல் பயீயா மாநிலத்தின் சல்வடோர் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. அதிலிருந்த இரண்டு ஒங்கோல் மாடுகள் அங்கேயே விற்கப்பட்டன. பத்து ஆண்டு கழித்து, ரியோவைச் சேர்ந்த மனுவேல் லெம்குரூபர் என்பவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சி சாலையில் இந்த மாட்டைப் பார்த்து ஒரு ஜோடியை வாங்கி வந்தார். சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் இருக்கும் இடத்தில் காட்சிப்பொருளாக நின்ற உழவுமாடு! பிறகு வியாபாரிகள் நேராக இந்தியாவுக்கே கிளம்பி வந்தார்கள். குஜராத்தின் கிர், காங்கிரேஜ் மாடுகளும் போயின. பெரிய அளவில் கடைசியாக நடந்த இறக்குமதி 1960-களின் தொடக்கத்தில். கர்வாடியும் கோதாவரியும் போனது அப்போதுதான். நோய் எதுவும் தொற்றி வந்துவிடக் கூடாது என்று அட்லாண்டிக்கிலுள்ள ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவில் அவற்றைத் தனிமைப்படுத்தி வைத்திருந்துவிட்டுத்தான் கரையேற்றினார்கள். இந்தோனேசியாவின் சும்பா தீவுக்கும் டச்சுக்காரர்கள் இதே மாட்டைக் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் அதற்குச் சும்பா ஒங்கோல் என்றே பெயர்.

நூறு ஆண்டுகளில் பிரேசிலுக்குப் போன இந்திய மாடுகள் எல்லா இனமும் சேர்த்தே ஏழாயிரத்தைத் தாண்டாது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஏழாயிரம் எப்படிக் கோடிகளானது? அதற்கு விடை மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. செல்லுக்குள் இருக்கும் இந்த உறுப்பின் மரபணு தாய்வழியில் மட்டுமே வரும், அப்பனுடையது வராது. 1990-களில் நெலோரே மாடுகளின் மைட்டோகாண்ட்ரியாவைச் சோதித்தபோது பெரும் பங்கு மாடுகளில் ஐரோப்பிய மாட்டின் அடையாளம் கிடைத்தது. பார்த்தால் அசல் ஒங்கோல், தாய்வழியில் போர்த்துகீசியம்! நடந்தது இதுதான்: பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொண்டுவந்த நாட்டு மாடுகள் ஏராளமாக இருந்தன. அந்தப் பசுக்களோடு ஒங்கோல் காளையைச் சேர்த்தார்கள். பிறந்த கிடேரிக்கும் ஒங்கோல் காளை. அதன் கிடேரிக்கும் ஒங்கோல் காளை. ஒவ்வொரு தலைமுறையிலும் பழைய ரத்தம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஐந்தாவது தலைமுறையில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்குக்கு மேல் ஒங்கோல்தான். தாய்வழிச் சாட்சி மட்டும் அழியாமல் தங்கிவிட்டது.

ஏன் அத்தனை பிடிவாதமாக ஒங்கோல் காளையையே சேர்த்தார்கள் என்றால், மற்றவை வெயிலில் வதங்கின. பிரேசிலின் நடுப்பகுதியிலுள்ள செர்ராடோ சமவெளி, அமில மண்ணும் ஆறு மாத வறட்சியும் உள்ள புல்வெளிக்காடு. ஐரோப்பிய மாடு அங்கே நாக்கைத் தொங்கவிட்டு நிழல் தேடும் நேரத்தில் ஒங்கோல் மேய்ந்துகொண்டிருக்கும். வெள்ளை ரோமம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அடியிலுள்ள கருப்புத் தோல் புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. திமில் மாடுகளின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்பை ஒட்டி இருப்பவை. அதைவிட முக்கியம், உடலுக்குள் எரியும் அடுப்பே சின்னது: சும்மா நிற்பதற்கு இந்த மாடு செலவழிக்கும் சக்தி குறைவு, அதனால் உண்டாகும் வெப்பமும் குறைவு. அலைதாடிதான் விசிறி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அலைதாடியையும் திமிலையும் அறுத்தெடுத்துவிட்டுச் சோதித்த ஆய்வுகளில் மாட்டின் வெப்பந்தாங்கும் திறன் பெரிதாகக் குறையவில்லை. அழகுக்குச் சில சமயம் காரணம் கற்பிக்காமலும் இருக்கலாம்.

உண்ணி இன்னொரு விஷயம். ஐரோப்பிய மாட்டின் மேல் நூற்றுக்கணக்கில் அப்பும் உண்ணி, பக்கத்திலேயே மேயும் நெலோரேயின் மேல் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். அப்புறம் புல். 1970-களிலிருந்து ஆப்பிரிக்காவின் பிராக்கியாரியா புல் வகைகளைச் செர்ராடோ முழுக்கப் பரப்பினார்கள். பிரேசில் அரசின் வேளாண் ஆய்வு நிறுவனமான எம்ப்ராப்பா 1984-இல் வெளியிட்ட 'மராண்டு' ரகம் அதில் பெயர் பெற்றது. இந்திய மாடு, ஆப்பிரிக்கப் புல், தென்னமெரிக்க நிலம். அந்த நிலத்தின் ஒரு பகுதி காடாக இருந்து வெட்டப்பட்டது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. அமேசானில் அழிந்த காட்டின் பெரும் பகுதி இன்று மேய்ச்சல் நிலம். எதையும் தாங்கும் ஒரு மாடு கையில் இல்லாதிருந்தால் அந்த வேகம் சாத்தியப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

இனி கறிக்கு வருவோம்.

அறுத்த உடனே மாட்டின் தசை செத்துப்போவதில்லை. ரத்தம் நின்றபின் பிராணவாயு வராது. ஆனாலும் தசைச் செல்கள் கையிருப்பிலுள்ள கிளைகோஜன் என்ற சர்க்கரையை எரித்துச் சில மணி நேரம் பிழைத்திருக்கும். அதன் கழிவாக லாக்டிக் அமிலம் சேரும். உயிரோடு இருக்கும்போது 7-ஐ ஒட்டி இருக்கும் அமிலக் குறியீடு மெல்ல இறங்கி 5.5-இல் வந்து நிற்கும். எரிபொருள் தீர்ந்ததும் தசை இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடும். இதுதான் விறைப்பு. இந்த நிலையில் கறியைச் சுட்டால் செருப்புத் தோல்தான்.

பிறகுதான் இளக்கம் தொடங்குகிறது. அந்த வேலையைச் செய்வது தசைக்குள்ளேயே இருக்கும் கால்பைன் என்ற நொதி. செல்லின் கிடங்குகளிலிருந்து கசியும் சுண்ணாம்புச் சத்து அதை எழுப்பிவிடும். எழுந்த கால்பைன் தசையின் முக்கிய இழைகளான ஆக்டினையும் மயோசினையும் தொடுவதில்லை. அவற்றைக் கட்டி நிறுத்தியிருக்கும் டெஸ்மின், டைட்டின் போன்ற கயிறுகளைத்தான் அறுக்கும். பந்தலில் மூங்கிலை விட்டுவிட்டு முடிச்சுகளை மட்டும் அவிழ்த்துவிடுவது போல. குளிர்ப்பதனத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்ட அல்லது காற்று நீக்கிய பையில் அடைத்த கறி மெத்தென்று ஆவதற்கு இதுதான் காரணம். பிரியாணிக்கு ஆட்டுக்கறியை ஊறவைக்கும்போது பப்பாளிக்காய் விழுது சேர்க்கிறோமே, அதிலுள்ள பப்பைன் வெளியிலிருந்து செய்வதைக் கால்பைன் உள்ளேயிருந்து செய்கிறது.

இந்தக் கால்பைனுக்கு ஒரு காவல்காரன் உண்டு. பெயர் கால்பாஸ்டாட்டின். நொதியைப் பிடித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய விடாமல் தடுக்கும் புரதம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் கிளே சென்டர் என்ற ஊரிலுள்ள அரசு இறைச்சி ஆய்வு மையத்தில் 1980-களின் இறுதியிலும் 90-களிலும் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐரோப்பிய மாட்டில் திமில் மாட்டின் ரத்தம் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஏற ஏற, கறியை அறுக்கத் தேவைப்படும் விசையும் ஏறியது. அறுத்து ஒரு நாள் கழித்துத் தசையைச் சோதித்தபோது திமில் மாடுகளில் கால்பாஸ்டாட்டினின் செயல்பாடு கூடுதலாக இருந்தது. காவல்காரன் பலமாக இருந்ததால் முடிச்சுகள் அவிழவில்லை.

அறுக்கும் விசையை எப்படி அளக்கிறார்கள் என்பது சுவையான விஷயம். சமைத்த ஸ்டேக்கிலிருந்து 1.27 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையைக் குடைந்தெடுத்து, முக்கோண வெட்டுள்ள மழுங்கிய தகட்டால் குறுக்கே அறுப்பார்கள். எத்தனை கிலோ விசைக்குத் துண்டாகிறது என்பதுதான் எண். வார்னர், பிராட்ஸ்லர் என்ற இருவரின் பெயரால் வழங்கும் இந்தக் கருவி உண்மையில் ஒரு இரும்புப் பல். நாலரை கிலோவுக்குள் அறுபட்டால் இளசு என்பது பொதுக்கணக்கு. நெலோரே கறி, வாரக்கணக்கில் தொங்கவிட்டு இளக்காத நிலையில் அந்தக் கோட்டை அடிக்கடி தாண்டிவிடும்.

காவல்காரனுக்கு அந்த மாட்டில் என்ன வேலை? உயிரோடு இருக்கும் உடம்பில் தசைப் புரதம் நாளும் உடைந்து நாளும் புதிதாகக் கட்டப்படுகிறது. உடைப்பதற்கு முதல் வெட்டு வெட்டுவது கால்பைன். வெட்டு குறைந்தால், குறைந்த தீனியில் அதே தசையை வைத்துக்கொள்ளலாம். ஆட்டில் இதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. 1983-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் பிறந்த 'சாலிட் கோல்ட்' என்ற கிடாய்க்கு இடுப்பும் தொடையும் அநியாயத்துக்குத் திரண்டிருந்தன. மரபணு மாற்றம். கிரேக்க மொழியில் 'அழகான பிட்டம்' என்று பொருள் வரும்படி அதற்குக் காலிபைஜ் என்று பெயர் வைத்தார்கள். அதன் வாரிசுகளில் கறி ஏராளம், கொழுப்பு குறைவு, வளர்க்கிறவனுக்குக் கொண்டாட்டம். சமைத்துத் தின்றபோதுதான் தெரிந்தது, முதுகுக்கறி ரப்பர் மாதிரி. சோதித்தால் கால்பாஸ்டாட்டின் ஏறிக்கிடந்தது. தசையைச் சிக்கனமாகக் காப்பாற்றிக்கொள்ளும் உடம்பு, செத்த பிறகும் அந்தச் சிக்கனத்தை விடுவதில்லை.

ஒங்கோல் விவசாயி தேர்ந்தெடுத்ததால்தான் கால்பாஸ்டாட்டின் ஏறியது என்று சொல்லிவிட முடியாது. திமில் மாடுகள் அனைத்துக்கும் பொதுவான குணம் அது. திமில் மாடு, ஐரோப்பிய மாடு என்ற இரண்டு குலங்களின் காட்டு மூதாதைகள், மனிதன் அவற்றைப் பழக்குவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை. ஆனால் ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே மாட்டைக் கறிக்கென்று தேர்ந்தெடுத்தார்கள். கறி நன்றாக இல்லாத காளையின் வம்சம் அங்கே நிலைக்கவில்லை. கரவாடியில் அந்தச் சல்லடையை யாரும் பிடிக்கவே இல்லை. சோளத்தட்டையைத் தின்றுவிட்டு, கோடையில் உடம்பு கரையாமல் நின்று, ஆடி மாதத்தில் ஏருக்கு வந்த மாடு நல்ல மாடு. அவ்வளவுதான் பரீட்சை.

இதற்கெல்லாம் மரபணுவின் மேலேயே பழிபோட்டுவிட்டுப் போவதும் நியாயமில்லை. கறி கடினமாவதில் பாதி, வளர்ப்பிலும் அறுப்பிலும் இருக்கிறது. நம் மாட்டுச் சந்தையில் பல் பார்த்து வயசு சொல்வார்கள்: பால்பல், இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது. பிரேசிலில் புல் மட்டுமே மேய்ந்த நெலோரே எருது கடை சேரும் வயதில், நான்கு ஆண்டு தாண்டித்தான் கத்திக்குப் போகும். வயது ஏற ஏறத் தசையைச் சுற்றியுள்ள கொலாஜன் நார்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடும், சுடும்போது கரையாது. இப்போது நிலைமை மாறிவருகிறது, அதற்குச் சீனாவும் ஒரு காரணம். முப்பது மாதத்துக்குள், அதாவது நாலு பல்லுக்குள் இருக்கும் மாட்டைத்தான் சீனா வாங்குகிறது. பிரேசில் சந்தையில் 'சீன மாடு' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு, தனி விலையும் உண்டு.

கொழுப்பும் ஒரு காரணம். வாக்யு கறியை வெட்டினால் பளிங்குக்கல் போல வெள்ளைக் கோடுகள் ஓடும். நெலோரேயில் தசைக்குள் கொழுப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான். வைத்தியர் சந்தோஷப்படுவார், சமையற்காரர் முகம் சுளிப்பார். தோலுக்கடியிலும் கொழுப்புப் போர்வை மெல்லியது. அந்தப் போர்வை மூன்று மில்லிமீட்டருக்கும் கீழே இருந்தால், குளிரறையில் தொங்கவிட்ட உடல் சட்டென்று குளிர்ந்துவிடும். தசையில் எரிபொருள் தீர்வதற்கு முன்பே பத்து டிகிரிக்குக் கீழே போனால் இழைகள் வெடவெடத்துச் சுருங்கி, அப்படியே உறைந்துவிடும். குளிர் சுருக்கம் என்பது இதுதான். இதைத் தவிர்க்கத்தான் அறுத்த உடலில் மின்சாரம் பாய்ச்சித் தசையைத் துடிக்கவிட்டு, கிளைகோஜனைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறார்கள்.

மூன்றாவது காரணம் பயம். 1997-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் கிராண்டின் பங்குபெற்ற ஆய்வு ஒன்று, திமில் ரத்தம் கலந்த மாடுகளில் மிரளும் மாட்டின் கறி சாதுவான மாட்டின் கறியை விடக் கடினம் என்று காட்டியது. மிரண்ட மாடு கிளைகோஜனை உயிரோடு இருக்கும்போதே எரித்துத் தீர்த்துவிடும். அறுத்தபின் அமிலம் சேர வழியில்லை. கறி கருத்து, பிசுபிசுத்து, சீக்கிரம் கெடும். பிரேசிலில் நெலோரே மிரளும் மாடு என்று பேர் வாங்கியிருக்கிறது. ஆச்சரியம் இங்கேதான். ஒங்கோலில் அதே மாட்டைச் சின்னப் பையன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் குளத்துக்கு ஓட்டிப் போவான். வீட்டுத் திண்ணைக்குப் பக்கத்தில் கட்டி, கையால் தட்டை ஊட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த மாடு அது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் வருஷத்துக்கு இரண்டு முறை, குதிரைமேல் வரும் ஆட்களை மட்டும் பார்த்து வளரும் மாடு மிரளாமல் என்ன செய்யும்? சாவோ பாவ்லோ மாநிலத்தின் ஜபோத்திகபாலில் மத்தேயுஸ் பரான்யோஸ் ட கோஸ்தாவும் அவர் குழுவினரும் பண்ணையாட்களுக்குக் கத்தாமல், தாறு குத்தாமல் மாட்டை நடத்தப் பயிற்சி கொடுத்துவருகிறார்கள். கன்று பிறந்த நாளிலேயே தடவிக்கொடுப்பதும் அதில் ஒரு பாடம். நம் வீட்டுப் பாட்டிகள் இதற்குச் சான்றிதழ் கேட்டதில்லை.

கடினம், கடினம் என்று சொல்லிக்கொண்டே வருகிறோம். எந்தச் சமையலுக்குக் கடினம்? நெருப்பில் சில நிமிடம் வாட்டி, நடுவில் சிவப்பாகவே வெட்டித் தின்னும் முறைக்கு. இரும்புப் பல்லும் நாலரைக் கிலோவும் அந்தத் தட்டுக்காகக் கண்டுபிடித்த அளவுகோல். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பீஃப் பிரியாணி போடுகிறவரிடம் கால்பாஸ்டாட்டினைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகும்போது கொலாஜன் கரைந்து கூழாகிறது. குழம்பு கெட்டிப்படுவதே அதனால்தான். நாலு விசிலுக்குப் பணியாத கறி ஆறாவது விசிலுக்குப் பணியும். இளசான, நார் குறைந்த துண்டை அப்படி வேகவைத்தால் சக்கையாகிவிடும், நெஞ்சுக்கறிதான் ருசிக்கும்.

பிரேசில்காரர்களே இதைத் தங்கள் அடுப்பில் நிரூபித்திருக்கிறார்கள், அதுவும் திமிலை வைத்து. திமிலுக்குள் இருப்பது தோள்பட்டையை இழுக்கும் ஒரு தசை; நாரும் கொழுப்பும் பின்னிப் பிணைந்து கிடக்கும். ஆங்கஸ் மாட்டில் தேடினாலும் இது கிடைக்காது. பிரேசிலில் அதற்குக் 'கூப்பீம்' என்று பெயர். பேச்சுவழக்கில் கறையான் புற்றுக்கும் அதே சொல். தாளில் சுற்றித் தணலுக்கு மேலே பல மணி நேரம் கிடக்கவிட்டு, கடைசியில் பிரித்து மேல்பக்கத்தை மொறுமொறுவென்று வாட்டி, மெல்லிய சீவல்களாக அறுத்துப் போடுவார்கள். மாட்டின் மிகக் கடினமான பகுதிகளில் ஒன்று, வாயில் வைத்ததும் கரையும். நாம் ஜல்லிக்கட்டில் எதைப் பிடித்துத் தொங்குகிறோமோ, அதை அவர்கள் தட்டில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் ஏற்றுமதிச் சந்தை கூப்பீமுக்காகக் காத்திருக்காது. ஆகவே நெலோரே பசுவுக்கு ஆங்கஸ் விந்தைச் சினை ஊசியாகப் போடுவது பெருகிவிட்டது. பிறக்கும் கலப்புக்கன்று சீக்கிரம் எடை போடும், கறி இளசாக இருக்கும், வெயிலையும் ஓரளவு தாங்கும். இன்னொரு பக்கம் நெலோரேக்குள்ளேயே இளசான வம்சத்தைத் தேடுகிறார்கள். அதில் ஒரு பாடம் கிடைத்தது. 2002-இல் கிளே சென்டரில் கால்பைன் மரபணுவில் இளக்கத்தைக் காட்டும் குறியிடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பிய மாடுகளில் அவை நன்றாக வேலை செய்தன. திமில் மாடுகளில் தேடினால் அதில் முக்கியமான ஒன்றின் நல்ல வடிவம் அபூர்வம். இல்லாததைத் தேர்ந்தெடுக்க முடியாதே. 2005-இல் இரண்டு குலத்திலும் காணக்கிடைக்கும் வேறொரு குறியைக் கண்டுபிடித்த பிறகுதான் வழி பிறந்தது. இப்போது உயிருள்ள மாட்டின் முதுகில் ஸ்கேன் வைத்து, தசையின் பரப்பையும் கொழுப்பின் கனத்தையும் பார்த்துப் பொலிகாளை தேர்கிறார்கள். அன்றைக்கு ஊர்ப் பெரியவர்கள் கண்ணால் பார்த்த அதே முதுகு.

விலையைச் சொன்னால் தலை சுற்றும். வியாத்தினா-19 என்ற நெலோரே பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை 2023-இல் ஏலம் போனபோது, மாட்டின் முழு மதிப்பு 2 கோடியே 10 லட்சம் ரெயால், அதாவது நாற்பது லட்சம் டாலருக்கு மேல் என்று கணக்கானது. கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. எடை 1,101 கிலோ. அதை யாரும் கறிக்காக வாங்கவில்லை; அதன் கருமுட்டைக்குத்தான் அந்த விலை.

ஒங்கோலில் நிலைமை வேறு. டிராக்டர் வந்தது, ஏருக்கு மாடு வேண்டியதில்லை. பாலுக்கு ஜெர்சி கலப்பும் எருமையும் வந்தன. கரிசல் நிலத்தில் புகையிலையும் பருத்தியும் பரவின, சோளத்தட்டை குறைந்தது. குண்டூருக்குப் பக்கத்திலுள்ள லாம் பண்ணை போன்ற அரசு நிலையங்களும், கௌரவத்துக்காக ஜோடி வளர்க்கும் விவசாயிகளும்தான் அசல் இனத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த விவசாயிகளை ஜோடியோடு பார்க்க வேண்டுமானால் சங்கராந்திச் சமயத்தில் போக வேண்டும். ஊருக்கு வெளியே சமதளமாக்கிய களத்தில் கருங்கல் பாறை ஒன்று கிடக்கும். நுகத்தில் பூட்டிய இரண்டு வெள்ளைக் காளைகள் முன்னங்காலை மண்ணில் ஊன்றித் தலையைத் தாழ்த்தும்; முதுகுத் தசை கயிறு கயிறாகப் புடைக்கும்; பாறை ஒரு விரற்கடை அசைந்து, பிறகு நகரத் தொடங்கும். கூட்டம் ஆரவாரிக்கும். களத்தின் ஓரத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் குறித்த நேரத்துக்குள் எத்தனை அடி இழுத்தது என்று பார்த்து, மைக்கில் ஊர்ப் பெயரோடு அறிவிப்பார்.